பதின்மூன்று மாநிலங்கள் ஒரு நாடான வரலாறு

பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு ஒரு கேள்வி புதியதன்று. வந்த இடத்தில் நமக்குரிய உரிமை யாது என்பதே அது. இந்திய நாட்டின் எப்பகுதியிலும் சென்று தங்கி வாழும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. இதே கேள்வி இரு நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் எழுந்தது. பள்ளியிறுதி வகுப்பிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர்கள் அந்நாட்டின் தொடக்க வரலாற்றைப் போர்களின் வரிசையாகவே படித்திருப்பர். அக்கேள்விக்கு அந்நாட்டார் கண்ட விடையையும், அவ்விடையில் மறைந்திருந்த குறையையும் இங்குக் காண்போம்.

1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனின் ஆட்சியினின்று விடுதலை பெற்றதாக அறிவித்தன. ஆயினும் அன்றே அவை ஒரு நாடாகிவிடவில்லை. தெற்கே புகையிலையும் நெல்லும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தன. வடக்கே மீன்பிடித்தலும் கப்பல் வாணிகமும் தழைத்தன. இவற்றை இணைத்த முதல் உடன்படிக்கை 1781இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்த காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. உடன்படிக்கையைத் திருத்தவோ பதின்மூன்று மாநிலங்களும் ஒருமிக்க இசைய வேண்டும்.

இதனால் விளைந்தது யாது? பிரிட்டனுடனான போர் முடிந்து, 1783இல் சமாதானம் ஏற்பட்டபின், மாநிலங்கள் ஒன்றோடொன்று பூசலிடத் தொடங்கின. நியூ ஜெர்சியிலிருந்து சரக்கேற்றி வந்த படகுகளுக்கு நியூயார்க் கட்டணம் விதித்தது. நியூ ஜெர்சியோ, தன் எல்லைக்குள் நியூயார்க்கார் நடத்திவந்த கலங்கரை விளக்கத்துக்கு வரி விதித்து ஈடு செய்துகொண்டது. மாசச்சூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நசுங்கிய உழவர்கள், முன்னாள் படைத் தலைவரான டேனியல் ஷேஸ் முதலானோரின் தலைமையில் 1786இல் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்குவதற்கு வேண்டிய படையும் பொருளும் காங்கிரஸிடம் இல்லை.

இந்நிலையில் 1787ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாடு கூடிற்று. ரோட் ஐலண்டு நீங்கலாகப் பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 55 பேர் கலந்துகொண்டனர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். பேச்சு வெளியே செல்லாதபடி கோடைக்காலம் முழுவதும் இரகசியமாகவே கூட்டம் நடைபெற்றது.

மாநாட்டைப் பிளக்கவிருந்த சிக்கல் பிரதிநிதித்துவமே. 1790ஆம் ஆண்டின் முதற் குடிக்கணக்கில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 7½ லட்சம். டெலவேரில் 60,000 பேர்கூட இல்லை. இவ்விரண்டுக்கும் ஒரே அளவு வாக்குத் தருவது முறையா? மக்கள்தொகைக்கு ஏற்பத் தந்தால் சிறு மாநிலங்கள் நிலைக்குமா? ஜூலை 16ஆம் நாள் ஓர் இணக்கம் பிறந்தது. ஓர் அவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். செனட் எனும் மற்றோர் அவையில் மாநிலத்துக்கு இரண்டிடம் என முடிவாயிற்று.

இதனோடு மற்றொரு கேள்வியும் எழுந்திருந்தது. மக்கள்தொகை என்றால் யார்? வர்ஜீனியாவின் 7½ லட்சம் பேரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அடிமைகள். அவர்களுக்கு வாக்குரிமை தர விரும்பாத தென் மாநிலத்தார், அவர்களைக் காட்டி அவையில் இடம் பெற மட்டும் விரும்பினர். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது என்று மாநாடு தீர்மானித்தது.

இனி, மாநிலம் விட்டு மாநிலம் செல்வோரைப் பற்றிய விதியைக் காண்போம். பழைய உடன்படிக்கை, பிற மாநிலத்தில் உரிமை பெறுவோர் வரிசையிலிருந்து ஏழைகளையும் நாடோடிகளையும் விலக்கியிருந்தது. புதிய அரசியல் சட்டத்தின் 4ஆம் விதி அவ்விலக்கைக் கைவிட்டது. ஒரு மாநிலத்தின் குடிமக்கள் பிற மாநிலங்களிலும் அங்குள்ள குடிமக்களுக்கு உரிய சலுகைகளைப் பெறுவர் என்று கூறிற்று. வேற்றூர் செல்வார்க்கு இது பெரும் பாதுகாப்பன்றோ?

ஆனால் அதே விதியில், அதே பிரிவில், சில வரிகள் தள்ளி மற்றொரு வாசகம் இருந்தது. ஒரு மாநிலத்தில் உழைப்புக்குக் கட்டுப்பட்டவர் வேறு மாநிலத்துக்குத் தப்பினால், அங்கு விடுதலை அடையமாட்டார். உரியவர் கேட்கும்போது ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். 'அடிமை' என்ற சொல்லை அச்சட்டத்தில் ஓரிடத்தும் எழுதாமலே இதனைச் செய்துவிட்டனர். பென்சில்வேனியா போன்ற வட மாநிலங்கள் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. எனவே தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லர் இதனைக் கோரினார். ஆகஸ்டு இறுதியில் எதிர்ப்பின்றியே அது ஏற்கப்பட்டது.

இவ்வாசகத்தின் வலிமையை ஒரு பெண்ணின் வாழ்வு காட்டும். குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் வீட்டில் அடிமையாய் இருந்த ஓனா ஜட்ஜ், 1796ஆம் ஆண்டு மே மாதத்தில், பிலடெல்பியாவில் வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரை அடைந்தார். தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்கும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் வாஷிங்டனே. அவரை மீட்டுக்கொணர அவர் முயன்றார். பின்னர் 1799இல் உறவினர் ஒருவரும் சென்று முயன்றார். ஓனா ஜட்ஜ் திரும்பவில்லை. ஆயினும் 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவர் தப்பியோடிய அடிமையாகவே இருந்தார். தலைவரும் அவரும் கடந்த எல்லைகள் ஒன்றே. ஆனால் ஒருவர் குடிமகனாகச் சென்றார், மற்றவர் ஒளிந்து சென்றார்.

குடிமகன் யார் என்பதை 1787இன் சட்டம் வரையறுக்கவில்லை. அக்குறையைப் பற்றிக்கொண்டு, ஆப்பிரிக்க வழியினர் குடிமக்களே அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1857இல் தீர்ப்பளித்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போருக்குப் பின், 1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆம் திருத்தம், அந்நாட்டில் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டோர் அனைவரும் நாட்டின் குடிமக்கள் என்றும், தாம் குடியிருக்கும் மாநிலத்தின் குடிமக்கள் என்றும் உரைத்தது. எங்குப் பிறந்தார் என்பதை விடுத்து எங்குக் குடியிருக்கிறார் என்பதை மாநில உரிமைக்கு அடிப்படையாக்கியது இதன் சிறப்பு. அவ்வுரிமை நடைமுறையில் கைகூட மேலும் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

ஆதலின், எந்த நாட்டின் அரசியல் சட்டத்தைப் பயிலும்போதும், அது என்ன உரிமை தருகிறது என்று கேட்பதோடு இளைஞர்கள் அமையலாகாது. அவ்வுரிமை யார் யாருக்கு என்றும், அவ்வரிசையில் விடுபட்டவர் எவர் என்றும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.