சிடி சுத்துது... சிஸ்டம் திணறுது!

அப்பா ஆசையா சேர்த்து வச்ச பாட்டு சிடி எல்லாம் பீரோ மேல பெட்டி பெட்டியா தூங்குது. புது லேப்டாப்ல சிடி போட வாயே கிடையாது. சரி, யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒண்ணைக் கடன் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணிடலாம்னு உட்கார்ந்தா, மூணாவது பாட்டுலயே 'கரக்... கரக்'! "சிஸ்டம் ஸ்லோ மச்சி, ராம் ஏத்து"னு ரூம்மேட் தீர்ப்பு சொல்லிடுவார். பர்ஸை உள்ளே வைங்க பாஸ். பிரச்னை பெரும்பாலும் ராம்ல இல்லை!

ஒரகடம் சொல்லும் பாடம்

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல, படப்பை தாண்டி சேரப்பணஞ்சேரி வழியா ஒரகடம் பக்கம் பஸ்ல போறவங்களுக்கு இது சட்டுனு புரியும். 2010ல் ரெனோ - நிஸான் கார் ஆலை, 2013ல் ராயல் என்ஃபீல்டு ஆலைனு வரிசையா வந்த ஏரியா அது. அசெம்பிளி லைன்ல பத்து ஸ்டேஷன் இருக்குனு வைங்க. ஒன்பது பேர் ஒரு நிமிஷத்துல வேலையை முடிச்சாலும், ஒருத்தருக்கு மூணு நிமிஷம் ஆச்சுன்னா, மூணு நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான் வெளியே வரும். மற்ற ஸ்டேஷன்ல எத்தனை ஆள் கூட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

சிடி ரிப்பிங்கும் அப்படியொரு லைன்தான். டிரைவ் படிக்கும், பிராசஸர் எம்பி3 ஆகவோ ஃப்ளாக் ஆகவோ மாத்தும், ஹார்ட் டிஸ்க் எழுதும். ஆடியோ சிடியில் ஒரு வினாடி இசைக்கு 1,76,400 பைட். பத்து மடங்கு வேகத்துல படிச்சாலும் வினாடிக்கு 2 எம்.பி. கூட வராது. இன்றைய பிராசஸருக்கும் டிஸ்க்குக்கும் இது கொசு! அப்போ லைனை நிறுத்துறது யாரு? டிரைவும், அழுக்கு சிடியும்தான்.

டிரைவ் ஏன் முழிக்குது?

கம்ப்யூட்டர் ஃபைல் இருக்கும் சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் 2,352 பைட் இடம் உண்டு. அதுல 2,048 மட்டும்தான் ஃபைலுக்கு. மீதி, முகவரிக்கும் பிழையைத் திருத்துறதுக்கும். ஆடியோ சிடியில் 2,352ம் பாட்டுக்கே போயிடும். அடிப்படை பிழைதிருத்தம் ஒண்ணு இருக்கு. ஆனா, அந்த இரண்டாவது பாதுகாப்பு கிடையாது. ஆழமா கீறல் இருந்தா, பிளேயர் பக்கத்து ஒலியைப் பார்த்து குத்துமதிப்பா நிரப்பும். காதுக்கு 'டிக்'னு கேட்கும். நல்ல ரிப்பிங் சாஃப்ட்வேர் அப்படி ஏமாத்தாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். 'சிஸ்டம் ஹேங்'னு நாம நினைக்கிறது பல நேரம் இதைத்தான்.

பெட்டி மேல '52 எக்ஸ்' போட்டிருக்கேனு கேட்காதீங்க. அந்த வேகம் சிடியோட வெளி ஓரத்துலதான் கிடைக்கும். பாட்டு ஆரம்பிக்கிறதோ உள்பக்கத்துல இருந்து. அதனாலதான் முதல் பாட்டு ஆமை, கடைசி பாட்டு முயல்!

செலவில்லாத ஐந்து வைத்தியம்

1. துடைங்க: மெல்லிய சுத்தமான துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்கணும். தோசைக்கல் தேய்க்கிற மாதிரி வட்டமா தேய்ச்சா கீறல் பாட்டோட வழியிலேயே விழும். லேபிள் பக்கம் இன்னும் ஜாக்கிரதை. ஒளியைத் திருப்புற படலம் அந்தப் பக்கத்துல மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கு.

2. வேகத்தைக் குறைங்க: கீறல் சிடிக்கு 8 எக்ஸ் மாதிரி வேகம் வச்சுப் பாருங்க. திரும்பப் படிக்கிறது குறைஞ்சா, மொத்த நேரமும் மிச்சமாகலாம்.

3. நேரா சொருகுங்க: யுஎஸ்பி டிரைவை நாலு பென்டிரைவோட ஹப்ல தொங்க விடாதீங்க. கரன்ட் பத்தாம டிரைவ் தடுமாறும். லேப்டாப் போர்ட்லயே சொருகுங்க.

4. வேலையைப் பிரிங்க: ரொம்பப் பழைய சிஸ்டம்னா முதல்ல 'வேவ்' ஃபைலா இறக்கிடுங்க. ஒரு மணி நேரப் பாட்டுக்கு சுமார் 635 எம்.பி. போதும். எம்பி3 மாத்துறதை ராத்திரி மொத்தமா ஓட விட்டுட்டுத் தூங்கப் போங்க.

5. பழைய எக்ஸ்பி பெட்டியா?: ரிப் பண்ணும்போது மவுஸ் கூட நகரலைன்னா 'டிவைஸ் மேனேஜர்'ல ஐடிஇ சேனலைப் பாருங்க. பிழை கூடினா எக்ஸ்பி, டிரைவை 'டிஎம்ஏ'வில் இருந்து 'பிஐஓ'வுக்குத் தள்ளிடும். அப்புறம் ஒவ்வொரு மூட்டையையும் பிராசஸரே தலையில சுமக்கணும்! அந்தச் சேனலை அன்-இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் சரியாகிடும்.

சாஃப்ட்வேர்? விண்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', லினக்ஸில் 'சிடி-பாரனாய்யா'. ரெண்டும் பொறுமைசாலிகள். தரம் குறையக் கூடாதுன்னா ஃப்ளாக். 'வேவ்' ஃபைல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல இடம் பிடிக்கும், ஒரு பிட் கூட இழக்காது.

எதை முதல்ல?

ஹிட் பாட்டு ஆப்பிலேயே கிடைக்கும். அதுக்கு அவசரம் இல்லை. தாத்தா பாடின பஜனை, அக்கா அரங்கேற்றம், ஊர்த் திருவிழா நாதஸ்வரம்னு மார்க்கர்ல எழுதி வச்ச சிடி இருக்கே, அதை எடுங்க. வீட்டுல எழுதின சிடி-ஆர் ஒரு சாயப் படலத்தை நம்பித்தான் இருக்கு. வெயிலும் சூடும் அதை மெல்லத் தின்னுடும். அது உலகத்துலயே ஒரே காப்பியா இருக்கலாம்!

ஒரு விஷயம்: நம்ம ஊர் காப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்குது. அதுக்காக, காசு கொடுத்து வாங்கின பட சிடியை ரிப் பண்ணி ஹாஸ்டல் முழுக்க சப்ளை பண்ணா, அது வேற கதை.

இந்த ஞாயித்துக்கிழமை பீரோ மேல ஏறுங்க. முதல்ல அந்த மார்க்கர் சிடி!