முதியோர் இல்லப் பராமரிப்பாளர்

முதியோர் இல்லப் பராமரிப்பாளர் என்பவர், அன்றாடத் தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாத முதியவர்களுக்கு, அவர்கள் தங்கியுள்ள இல்லத்திலேயே உதவும் பணியாளர் ஆவார். தமிழ்நாட்டில் இவரை ஆயா, உதவியாளர், அட்டெண்டர் எனப் பலவாறு அழைப்பர். செவிலியர், சமையலர் போன்றோர் உடன் பணியாற்றினாலும், முதியவரின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர் இவரே.

சட்டப் பின்னணி

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம், 2007, அறுபது வயது நிறைந்தவரை மூத்த குடிமகன் என்கிறது. மாவட்டத்திற்கு ஒன்றேனும் என்று தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்பது அதன் 19ஆம் பிரிவு. அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்களும், தனியார் கட்டண இல்லங்களும் இயங்குகின்றன.

அன்றாடப் பணி

இரவில் யார் உறங்கவில்லை, யாருக்கு மலம் கழியவில்லை, யார் உணவை மறுத்தார் என்பதைக் கேட்டறிந்தே காலைப் பணியாளர் வேலையைத் தொடங்குவார். பிறகு பல் துலக்குதல், குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல் என வேலை தொடரும். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்தே உணவு தர வேண்டும். உண்டவுடன் படுக்கவைத்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும்.

தாமாகப் புரண்டு படுக்க இயலாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பர். இடுப்பின் பின்புறம், குதிகால் போன்ற இடங்களில் தோன்றி, அழுத்தினாலும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. கருத்த தோலில் இது கருமையாகத் தெரியலாம். குளிப்பாட்டும்போது இதைக் கண்டு உடனே சொல்லும் பணியாளர், பெரும் வேதனை ஒன்றைத் தடுத்துவிடுகிறார்.

உடற்சுமை

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவரை மாற்றுவதே முதுகை மிகவும் வருத்தும் வேலை. முழங்காலை மடக்கி, முதியவரைத் தம் உடலுக்கு நெருக்கமாகப் பிடித்து, இருவராகத் தூக்குவது பாதுகாப்பானது. ஆள் குறைவான இரவுகளில் ஒருவரே தூக்க நேர்கிறது. அப்போது பணியாளரின் முதுகும் முதியவரின் எலும்பும் ஒருங்கே ஆபத்துக்கு உள்ளாகின்றன.

மறதி நோய்

டிமென்சியா எனப்படும் மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடுவதுண்டு. "வீட்டுக்குப் போகணும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துடுவான்" என்று வாசலுக்கு நடப்பார்கள். "பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது" என்று திருத்துவது கலக்கத்தையே கூட்டும். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, பேச்சோடு உள்ளே அழைத்து வருவது பயன் தரும். குளிக்க மறுத்து அடிப்பதும் வசைபாடுவதும் நோயின் விளைவாக இருக்கலாம். அதை அறிந்திருந்தாலும் அடி வலிக்கும். பயிற்சியும் ஓய்வும் இல்லாத பணியாளர் திருப்பிக் கடிந்துகொள்ளும் சூழல் இங்கேதான் உருவாகிறது.

மனச்சுமை

பல ஆண்டுகள் தலைவாரிவிட்ட ஒருவர் இறந்துவிட்டால், சில நாட்களில் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிடுவார். உறவினருக்குத் துக்கம் கேட்க ஆளுண்டு, பணியாளருக்குப் பெரும்பாலும் இல்லை. வீட்டார் வராத ஏக்கமும், வந்தவர் சொல்லும் குறையும் அவரிடமே வந்து சேர்கின்றன.

பணிச்சூழல்

போதிய ஆட்கள், கையுறை, தூக்கும் முறையில் பயிற்சி, வார விடுப்பு, உரிய ஊதியம் ஆகியவை இப்பணிக்கு அடிப்படை. பணியாளர் அடிக்கடி மாறும் இல்லத்தில், இன்னாருக்குக் காப்பி ஆறியிருக்க வேண்டும், இன்னாருக்கு இடக்காதுதான் கேட்கும் போன்ற அறிவும் அவர்களோடு வெளியேறிவிடுகிறது. அதன் இழப்பு முதியவரையே சேர்கிறது.