வகுப்பும் வேணும், ஆர்டரும் வேணும் – நேரத்துக்கு எங்கே போறது?



கடன் வாங்கும்போது நாம் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். எவ்வளவு வாங்குகிறோம், வட்டி என்ன, எத்தனை தவணை என்று கேட்டுத்தான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் வேலையை ஏற்றுக்கொள்ளும்போது மட்டும், "சரிங்க, செஞ்சு தர்றேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நேரமும் கடன் மாதிரிதான். அளவுக்கு மீறி வாங்கினால் கட்ட முடியாது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். நன்றாகத் தைக்கிற ஒரு சகோதரி. ஒரே மாதத்தில் இரண்டு ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஆர்டர் எடுத்தார். ஒரு கல்யாண வீட்டுக்கு 100 தாம்பூலப் பை ஒப்புக்கொண்டார். பக்கத்து ஊரில் வாரம் மூன்று நாள் தையல் வகுப்பு எடுக்கவும் சம்மதித்தார். எல்லாமே நல்ல வாய்ப்பு, எதை விடுவது? ஆனால் முகூர்த்தத்தன்று காலையில் அவர் கையில் இருந்தது 60 பைதான். மீதி 40 பையை அந்த வீட்டார் வாங்கவில்லை. பையில் மணமக்கள் பெயர் அச்சிட்டிருந்ததால் வேறு யாருக்கும் விற்கவும் முடியவில்லை. அந்த மாதத் தவணைக்கு அவர் உள்கடன் வாங்க வேண்டியதாயிற்று. அவரிடம் திறமைக்குக் குறைவில்லை. கணக்குத்தான் இல்லை.

ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம்?

ஈரோட்டிலும் கரூரிலும் துண்டுத் துணி கிலோ கணக்கில் கிடைக்கிறது. "மிச்சத் துணிதானே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றுதான் தோன்றும். கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் உள்ள போர்வை. தைத்த பிறகு 6 அங்குலம் நிற்கிற சதுரங்கள் என்றால் அகலத்தில் 10, நீளத்தில் 15, ஆக 150 சதுரம். இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு ஒவ்வொன்றையும் 6½ அங்குலமாக வெட்ட வேண்டும். ஒரு வரிசையில் 9 இணைப்பு, 15 வரிசைக்கு 135. பிறகு வரிசைகளைச் சேர்க்க 14 நீளத் தையல். சுற்றிலும் பட்டி அடிக்க 300 அங்குலம், அதாவது 25 அடி.

இனி நேரத்தைப் போடுவோம்:

1. துணியைத் துவைத்து இஸ்திரி போட – 2 மணி (துவைக்காமல் தைத்தால் பிறகு சாயம் இறங்கும், சுருங்கும்)
2. வெட்ட – 3 மணி
3. சதுரங்களை இணைக்க – 8 மணி
4. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் விரித்து நகராமல் கையால் ஓட்டி வைக்க – 3 மணி
5. மூன்றையும் சேர்த்து மெஷினில் தைக்க – 12 மணி
6. பட்டி அடிக்க – 3 மணி

மொத்தம் 31 மணி. இது ஒரு உதாரணக் கணக்குதான். ஒவ்வொருவர் கைவேகமும் வேறு. கையாலேயே தைத்தால் இன்னும் எவ்வளவோ கூடும். அதனால் அடுத்த முறை தைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து உங்கள் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலை சொல்வதற்கும் அந்த நோட்டுதான் உதவும்.

மாதத்தில் நம் கையில் எவ்வளவு நேரம்?

சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, குழுக் கூட்டம் எல்லாம் போக ஒரு நாளைக்கு 4 மணி நேரம் மெஷினில் உட்கார முடிகிறது என்று வைப்போம். மாதம் 26 நாளுக்கு 104 மணி.

அந்தச் சகோதரி ஒப்புக்கொண்டது: இரண்டு போர்வைக்கு 62 மணி. ஒரு பைக்குக் கால் மணி என்றால் 100 பைக்கு 25 மணி. வகுப்பு 2 மணி, போக வர 1 மணி. மாதம் 12 வகுப்புக்கு 36 மணி. மொத்தம் 123 மணி. இருப்பதோ 104. மீதி 19 மணி எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். தூக்கக் கலக்கத்தில் வெட்டினால் துணியும் வீணாகும், இடுப்பும் கண்ணும் வீணாகும்.

இன்னொன்று. 104 மணி இருக்கிறது என்பதற்காக 104 மணிக்கும் வேலை வாங்கக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கரண்ட் போகும், ஊசி உடையும், உறவில் ஒரு சாவு விழும். நாலில் ஒரு பங்கை விட்டுவிட்டு 78 மணிக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள்.

எந்த மாதத்தில் எது?

வருடம் முழுக்க வேலை ஒரே மாதிரி வராது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் பையும் ஜாக்கெட்டும் குவியும். பள்ளி திறக்கும் முன் சீருடை. புரட்டாசி, ஐப்பசியில் நவராத்திரி, தீபாவளி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புது வகுப்பில் சேரவும், வகுப்பு எடுக்கவும், போர்வை மாதிரி நீண்ட வேலைக்கும் அதுதான் நல்ல நேரம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல் பயிற்சி இலவசம்தான். ஆனால் சுமார் ஒரு மாதம், முழு நாளும் போக வேண்டும். அந்த மாதத்தில் ஆர்டர் எடுத்தால் இரண்டும் கெடும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு இனியும் கேட்பவர்கள் வருவார்கள். இந்த மாதம் ஒன்றை விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

வகுப்பு மேல் வகுப்பு வேண்டாம்

"ஆரி வேலை கத்துக்கிட்டேன், பனையோலைக்கும் போனேன், இப்போ நகை செய்யற வகுப்பு" என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறைய உண்டு. சான்றிதழ் பீரோவில் இருக்கும், பாதி வேலை மூட்டையில் இருக்கும். அந்த மூட்டையில் இருப்பது நம்ம காசு. கற்றதை வைத்து மூன்று பொருளாவது செய்து விற்றுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். மூட்டையைப் பிரித்து, முடிக்கக்கூடியதை முடியுங்கள். முடியாததை இன்னொரு உறுப்பினருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் பிரித்துத் துணியையாவது மீட்டுவிடுங்கள்.

"முடியாது"ன்னு எப்படிச் சொல்றது?

தெரிந்தவர்கள் கேட்கும்போது மறுக்கக் கூச்சமாக இருக்கும். மறுக்க வேண்டாம், தேதியை மாற்றிச் சொல்லலாம். "இந்த மாசம் கையில வேலை இருக்குக்கா. வர்ற மாசம் பத்தாம் தேதி தர்றேன், பரவாயில்லையா?" பாதிப் பேர் சரி என்பார்கள். மற்றவர்களைக் குழுவில் இன்னொருவரிடம் அனுப்புங்கள், வேலை குழுவுக்குள்ளேயே இருக்கும்.

பெரிய ஆர்டர் என்றால் தனியாக எடுக்காமல் குழுக் கூட்டத்தில் வையுங்கள். யாருக்கு எத்தனை, ஒன்றுக்கு என்ன கூலி, எந்தத் தேதி என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒருவர் ஒரு மாதிரிப் பை தைத்து எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். துணிச் செலவுக்காவது முன்பணம் வாங்காமல் கத்தரி வைக்காதீர்கள். பெயர் அச்சிடும் வேலை என்றால் முழுப் பணத்தில் பாதியாவது கைக்கு வரட்டும்.

அந்தச் சகோதரி இப்போது மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார். யார் ஆர்டர் கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். கட்டம் காலியாக இருந்தால்தான் "சரி".

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் இந்த மாதம் ஒப்புக்கொண்ட வேலையைச் சொல்லட்டும், மணிக் கணக்கில் கூட்டிப் பாருங்கள். யாருக்குப் பாரம் அதிகம், யார் கை சும்மா இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.