முத்திரை மரக்கால் எங்கே?

தஞ்சைத் தரணியில் 1940-களில் உழவுத் தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கைகள் பல. சாட்டையடி கூடாது என்றார்கள்; சாணிப்பால் கூடாது என்றார்கள்; கூலியை உயர்த்து என்றார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: "முத்திரை மரக்காலால் அள!"

கேட்பவர்க்கு இது சின்னஞ்சிறு கோரிக்கையாகத் தோன்றும். ஆனால் அனுபவித்தவர்க்குத்தான் அதன் அருமை தெரியும். கூலி நெல்லை அளந்தது மிராசுதார் வீட்டு மரக்கால். அரசாங்க முத்திரை குத்திய மரக்காலைவிட அது சிறியது. பேசிய கூலி பேச்சில் குறையாது. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும் குறையாது. குடிசைக்குப் போய்ப் பானையில் கொட்டினால்தான் குறையும்! அதனால்தான் அந்தத் தோழர்கள், கூலியைப் பற்றிப் பேசியபோதே அளவைப் பற்றியும் பேசினார்கள். அளப்பவன் கையில் கள்ள மரக்கால் இருக்கும்வரை, கூலி உயர்ந்தும் பயனில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வயலில் பார்த்த அந்த மரக்காலை இன்று நாட்டின் கணக்கில் பார்க்கிறோம்.

"நாடு வளர்ந்துவிட்டது, தலைக்கு வருமானம் உயர்ந்துவிட்டது" என்று முழங்குகிறார்கள். மொத்த உற்பத்தியில் 2022-இல் பிரிட்டனையே முந்திவிட்டோம் என்றார்கள். மகிழ்ச்சி! நம்மை அடிமை கொண்ட நாட்டை முந்தினோம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் எந்த மரக்காலால் அளந்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தலைக்கு வருமானம் என்பது என்ன? எல்லார் வருமானத்தையும் கூட்டி, தலைகளால் வகுப்பது. அவ்வளவுதான். ஒரு தெருவில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் தொழிலாளிகள். ஆளுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய். பத்தாமவர் ஆலை முதலாளி. மாதம் பத்து லட்சம். கூட்டி வகுத்தால் தலைக்கு 1,09,000 ரூபாய்! அடுத்த ஆண்டு முதலாளியின் வருமானம் இருபது லட்சமாகிறது. தொழிலாளிக்கு ஒரு காசும் கூடவில்லை. இப்போது கூட்டி வகுத்தால் தலைக்கு 2,09,000. "தெருவே ஏறத்தாழ இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது" என்று எழுதலாம். கணக்கில் பிழை இல்லை. ஒன்பது வீட்டு அடுப்பில்தான் மாற்றம் இல்லை!

இந்தச் சூதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் தாதாபாய் நௌரோஜி. 1870-களிலேயே, இந்தியனின் தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று அவர் கணக்கிட்டார். அதோடு விட்டாரா? சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் அரசாங்கம் எவ்வளவு செலவிடுகிறது என்று அந்தக் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குற்றவாளிக்குக் கிடைக்கும் சோறுகூட உழைப்பவனுக்குக் கட்டாது என்று தெரிந்தது. வெறும் எண் பேசாததைப் பக்கத்தில் வைத்த சோறு பேசிற்று!

அந்த வழியிலே வந்ததுதான் 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித வளர்ச்சிக் குறியீடு. அதற்கு முன்னின்றவர் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மகபூப் உல் ஹக். துணை நின்றவர் நம் அமர்த்தியா சென். எல்லைக்கு இருபுறத்தையும் சேர்ந்த இருவர், ஏழையின் பக்கம் நின்று ஒரு புதிய மரக்கால் செய்தார்கள். அது மூன்றை அளக்கிறது: மனிதன் எத்தனை ஆண்டு வாழ்கிறான்? எத்தனை ஆண்டு படிக்கிறான்? வருமானம் எவ்வளவு? வருமானத்தை அது தள்ளிவிடவில்லை. மூன்றில் ஒன்றாக வைத்தது.

அந்த மரக்காலால் அளந்தால் நாம் எங்கே நிற்கிறோம்? 2023-ஆம் ஆண்டு நிலையைச் சொல்லும் 2025 அறிக்கையில், 193 நாடுகளுக்குள் இந்தியா 130-ஆவது. பிறக்கும் குழந்தை வாழக்கூடிய ஆண்டுகள் 1990-இல் 58.6 ஆக இருந்து 72 ஆக உயர்ந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை; அது மக்கள் பெற்ற வெற்றி. ஆனால் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் சேர்த்தால், பெற்ற மதிப்பில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கரைந்துபோகிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. கரைந்தது யார் பங்கு? சொல்லவும் வேண்டுமா?

பணம் பெருகினால் மற்றவை தாமே வரும் என்பார் உண்டு. அவர்களைத் தொட்டிலிடம் அழைத்துச் செல்வோம். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. தலைக்கு வருமானத்தில் கேரளத்தைவிட உயர்ந்தது அரியானா. அங்கே 28! பணம் அதிகம் உள்ள இடத்தில் குழந்தை ஏன் அதிகம் சாகிறது? கேரளத்தில் பெண்கள் படித்தார்கள். ஊருக்கு அருகே ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. மருத்துவர் இல்லையென்றால் கேட்கும் சங்கங்கள் இருந்தன. பணம் செய்யாததை இவை செய்தன.

தொழிலாளிக்கு இது வீட்டுக் கணக்கு. அரசாங்க மருத்துவமனையில் பிரசவம் நடந்தால் கூலி கையில் நிற்கும். இல்லையென்றால் தாலிச்சரடு அடகுக் கடைக்குப் போகும். 1956-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவு விரிந்தது. 1982-இல் சத்துணவாகப் பெருகியது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அந்தச் சோற்றுக்குச் சம்பளச் சீட்டில் இடமில்லை. ஆனால் பசி தணிந்த பிள்ளை பள்ளியில் உட்கார்ந்தது! நியாய விலைக் கடை, குடிநீர்க் குழாய், அரசுப் பேருந்து இவையெல்லாம் தொழிலாளிக்குப் பணமாக வராத கூலி. இவற்றில் ஒன்றை மூடினால், அது கூலி வெட்டு.

புதிய மரக்காலிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அதுவும் நாட்டுக்கு ஒரு சராசரிதான். இலங்கை 1945-இல் இலவசக் கல்வி தந்த நாடு. இதே அறிக்கையில் நம்மைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. ஆனால் அங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் தமிழ் மக்கள், 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, லயன் அறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். நல்ல சராசரிக்குள் அவர்கள் துயரம் மறைந்து போயிற்று. ஆகவே நாட்டை அளந்தால் போதாது. சேரியை அள, தோட்டத்தை அள, பெண்ணைத் தனியே அள என்கிறோம்.

அளக்காமல் விடுவதும் ஒரு கள்ள மரக்கால்தான். 2011-க்குப் பிறகு 2021-இல் எடுத்திருக்க வேண்டிய குடிக்கணக்கு எடுக்கப்படவில்லை, 2027-க்குத் தள்ளப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. யார் யாருக்குத் தானியம் என்ற எண்ணிக்கைக்கு அடிப்படை 2011 குடிக்கணக்கு. அதற்குப் பின் மக்கள் பெருகினார்கள், எண்ணிக்கை பெருகவில்லை. எண்ணப்படாத வயிற்றுக்கு ஏது அரிசி?

தோழர்களே! பொருளாதாரம் பெரிய படிப்பு, நமக்கு எட்டாது என்று ஒதுங்க வேண்டாம். மரக்காலைக் கண்டுபிடித்துக் கேட்டவர்கள் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். உங்கள் வார்டில் சுகாதார நிலையம் இரவில் திறந்திருக்கிறதா? பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டா? குழாயில் எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர்? சென்ற ஆண்டு எந்த வீட்டில் குழந்தை இறந்தது? வீடு வீடாகக் கேளுங்கள், ஏட்டில் எழுதுங்கள். "நாடு வளர்ந்துவிட்டது" என்று மேடையில் எவர் முழங்கினாலும், அந்த ஏட்டை அவர் முன் விரியுங்கள்.

தஞ்சைத் தோழர்கள் அளப்பவன் கையைப் பிடித்து நிறுத்தி, முத்திரையைக் காட்டு என்றார்கள். நாமும் அதையே கேட்போம்!