பகலுக்கும் இரவு வானத்துக்கும் ஒரே கமரா: எதை வாங்குவது?

வீட்டு நிகழ்வுகளையும் எடுக்க வேண்டும், இரவில் நட்சத்திரங்களையும் எடுக்க வேண்டும், ஆனால் ஒரு கமராவுக்குத்தான் காசு இருக்கிறது. அப்படியானால் எதை வாங்குவது?

வடக்கு கிழக்கில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் 2009இற்கு முந்தைய அல்பங்கள் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, பலரது கையில் இருந்தவை சிறிய படங்களைப் பெருப்பித்த பிரதிகளே. ஒரு காலத்தில் பரா வெளிச்சத்துக்கும் கிபிருக்கும் பயந்து அண்ணாந்து பார்த்த வானத்தில்தான் இன்று எங்கள் பிள்ளைகள் பால்வீதியைத் தேடுகிறார்கள். இரண்டு தேவைகளும் உண்மையானவை.

கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல் கணக்கு. இரவு வானத்துக்கு அது முக்கியமல்ல. கமரா எவ்வளவு வெளிச்சத்தைச் சேகரிக்கிறது என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பவை சென்சரின் அளவும் லென்ஸின் திறப்பும்.

கைத்தொலைபேசியின் சென்சர் மிகச் சிறியது. பகலில் அது போதும். இரவில் பல படங்களை ஒன்றுசேர்த்து அது சமாளிக்கிறது, ஆனால் பெருப்பித்தால் படம் சிதறும். ஃபுல் ஃபிரேம் கமராவின் சென்சர் 36 × 24 மில்லிமீற்றர். ஏபிஎஸ்-சி வகையினுடையது ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீற்றர். ஃபுல் ஃபிரேமின் பரப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்றாலும் அதன் விலையும் லென்ஸ்களின் விலையும் பாரமும் கூடவே ஏறும். இரண்டு வேலையையும் தாங்கக்கூடிய நடுவழி ஏபிஎஸ்-சிதான்.

அடுத்தது, டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா என்பது. கெனனும் நிக்கோனும் 2020இற்குப் பின் புதிய டிஎஸ்எல்ஆர் மாதிரிகளை வெளியிடவில்லை. அதனால் பாவித்த டிஎஸ்எல்ஆர்களை மலிவாக வாங்கலாம். அவற்றின் பற்றரியும் நீண்ட நேரம் நிற்கும். மிரர்லெஸ் பாரம் குறைந்தது, எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும். கையில் காசு குறைவென்றால் பாவித்த டிஎஸ்எல்ஆர் போதும். மிச்சக் காசை லென்ஸிலும் ட்ரைபொட்டிலும் போடுங்கள்.

கமராவோடு வரும் 18–55 லென்ஸின் அகலமான திறப்பு பெரும்பாலும் எஃப் 3.5. எஃப் 2 லென்ஸ் அதைவிட மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வானத்துக்கு 12 முதல் 16 மில்லிமீற்றர் வரையான லென்ஸ் ஒன்றும், முகங்களுக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான தேவைகள் தீரும். இரண்டாவது, லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நீண்ட நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகும். 500ஐ, லென்ஸின் மில்லிமீற்றரை 1.5ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். 16 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 20 செக்கன் வரும். ஐஎஸ்ஓ 3200, ரோ கோப்பு, கையால் சரிசெய்த ஃபோகஸ் என்று தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. விண்வெளியின் வாயு மேகங்கள் 656 நனோமீற்றர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கின்றன. சாதாரண கமராவின் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் வடிகட்டியை மாற்றிய கமராக்களும் விற்பனைக்கு உண்டு. நிக்கோன் 2015இல் டி810ஏ என்ற கமராவை வானத்துக்கென்றே வெளியிட்டது. ஆனால் இவ்வகைக் கமராவில் பகல் படங்களின் நிறம் சிவப்புப் பக்கம் சாயும். ஒரே கமரா வாங்குபவருக்கு இது வேண்டாம். பால்வீதியை எடுக்க இது தேவையுமில்லை.

பாவித்த கமராவை வாங்குமுன் லென்ஸ் மூடியைப் போட்டபடி 30 செக்கன் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கறுப்பில் நிறைய நிறப் புள்ளிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கடலோர ஈரப்பதனில் அது சாதாரணம்.

பால்வீதியின் மையம் நன்றாகத் தெரிவது மே முதல் செப்டெம்பர் வரை. வடக்கில் மழை குறைந்த காலமும் அதுதான். நிலவில்லாத இரவைத் தெரிவுசெய்யுங்கள். முகாம்களுக்கு அருகில் ட்ரைபொட்டை நிறுத்த வேண்டாம். தனியாகப் போகாமல், அந்த ஊரவர் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். முகமாலை போன்று கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டகாலம் நடந்த பகுதிகளில் வீதியை விட்டு இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருட்டில் தெரியாது.

எடுத்த படங்களை ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இன்னொரு பிரதி இருக்கட்டும். முக்கியமான முகங்களைக் கடதாசியில் அச்சிட்டும் வையுங்கள்.