இருவகைத் திருகாணிகள்

தகரக் கூரை போடுவதற்குத் திருகாணி வாங்கச் சென்றால், கடையில் இரண்டு வகைகளைக் காணலாம். பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். நுனியைப் பாருங்கள்! ஒன்று ஊசிபோல் கூரியது. மற்றொன்று துளையிடும் எந்திரத்தின் அலகைப்போல் பள்ளம் வெட்டப்பட்டது.

முதல் வகை 'செல்ஃப் டாப்பிங்'. தனக்கு வேண்டிய மரையைத் தானே வெட்டிக்கொள்ளும். ஆனால், தடித்த இரும்பில் நாம் முன்னதாகவே துளையிட்டுத் தரவேண்டும். அத்துளை திருகாணியின் தடிப்பைவிடச் சற்றுச் சிறியதாக இருத்தல் அவசியம். பெரிதானால் பிடிப்பு இராது. இரண்டாம் வகையாகிய 'செல்ஃப் டிரில்லிங்' துளையையும் இட்டு, மரையையும் வெட்டும்.

அப்படியானால் எப்போதும் இரண்டாவதையே வாங்கலாமே என்பீர்கள். இங்குதான் கவனம் தேவை. மரை விரைந்து முன்னேறும். அலகோ மெல்லத்தான் துளைக்கும். ஆகவே, மரை இரும்பைப் பற்றுமுன் அலகு மறுபுறம் வெளிவந்துவிட வேண்டும். சட்டம் தடித்து, அலகு குட்டையாயிருந்தால் திருகாணி ஒடியும்; அல்லது மரை அழியும். இதற்காகவே அலகுகளுக்கு 1 முதல் 5 வரை எண்கள் உண்டு. எண் கூடக் கூடத் தடித்த இரும்பைத் துளைக்கும்.

மரை அழிந்தது வெளியே தெரியாது. புயற்காற்று தகரத்தை மேலே இழுக்கும்போதுதான் தெரியவரும். மிக மெல்லிய தகடுகளை இணைக்கக் கூர்நுனியே மேல். அது இரும்பைச் சீவி எறியாமல் விலக்கிக்கொண்டு நுழைவதால் பிடிப்பு அதிகம்.

எதுவாயினும், தலைக்கடியிலுள்ள ரப்பர் வளையம் பிதுங்கும்வரை முறுக்கவேண்டாம். கிழிந்தால் அவ்வழியே மழைநீர் ஒழுகும்.