பிக்கப்புக்குப் பெரிய டர்போ போடலாமா?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம்.)

போன மாசம் ஒரு நாள் விடியற்காலை மூணரை மணிக்கு எங்க சித்தப்பாகிட்ட இருந்து போன். அந்த நேரத்துல போன் அடிச்சா யாருக்கும் வயித்தைக் கலக்கும். எடுத்தா, "டேய், வண்டி இழுக்க மாட்டேங்குதுடா" என்றார். கோயம்பேட்டுல தக்காளி ஏத்திக்கிட்டு ஆவடிக்குக் கிளம்பினவர், பாடி மேம்பாலத்துல ரெண்டாவது கியர்ல திணறிக்கிட்டு இருந்திருக்கார். பின்னாடி கறுப்புப் புகை, பானெட்டுக்குள்ள இருந்து சைரன் மாதிரி ஒரு ஊளை. டர்போ போயிடுச்சு.

வண்டி 2.5 லிட்டர் டீசல் பிக்கப், பி.எஸ்.4, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இன்னும் 14 டியூ பாக்கி. பட்டறையில ஒருத்தர், "எப்படியும் மாத்தப் போறீங்க, கொஞ்சம் பெருசா போட்டுடலாம் அண்ணே, வண்டி பறக்கும்" என்று ஆசை காட்டியிருக்கார். சித்தப்பாவுக்கும் ஆசை வந்துடுச்சு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல ரெண்டு வருஷம் எஞ்சின் வேலை பார்த்தவன். அதனால, "நீ சொல்லுடா, போடலாமா?" என்று என்கிட்ட கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில்தான் இந்த எபிசோடு.

முதல்ல டர்போ என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். சைலன்சர் வழியா வீணா வெளியே போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்துது. அதே தண்டின் மறுமுனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள்ள தள்ளுது. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஆவடியிலேயே இருக்கு. 1987-ல் தொடங்கின எஞ்சின் ஃபேக்டரி தெரியும்ல? டி-72 டாங்கிக்கு அங்கே தயாரான எஞ்சின் வி-46-6. பன்னிரண்டு சிலிண்டர், கிட்டத்தட்ட 38.9 லிட்டர், 780 குதிரைத் திறன். இதோட மூதாதை, இரண்டாம் உலகப் போர்ல டி-34 டாங்கியில ஓடின வி-2. கொள்ளளவு ஏறக்குறைய அதேதான், ஆனா திறன் 500. காத்தைத் தள்ள அதுல எதுவும் கிடையாது. வி-46-ல் எஞ்சினே கியர் வைத்துச் சுத்துற சூப்பர்சார்ஜர் வந்தது, 780 ஆச்சு. பிறகு டி-90 டாங்கியோட வி-92எஸ்2-ல் டர்போ வந்தது, 1000 ஆச்சு. அதே கொள்ளளவு, ரெண்டு மடங்கு திறன்.

"பார்த்தியா, டர்போ போட்டா போதும்ல?" என்று சித்தப்பா குதிச்சார். இல்ல. 500-ல் இருந்து 1000-க்கு வர பல பத்தாண்டுகள் ஆச்சு. எவ்வளவு டீசல் அடிக்கணும், பிஸ்டன் எவ்வளவு தாங்கணும், சூட்டை எப்படி இறக்கணும்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் மாத்தினாங்க.

டீசல் எஞ்சின்ல திறனை முடிவு செய்வது காத்து இல்ல, டீசல். எவ்வளவு டீசல் அடிக்கிறோமோ அவ்வளவு திறன். அந்த டீசல் புகையாகாம முழுசா எரியத்தான் காத்து வேணும். அதனால இன்ஜெக்டர், ஈ.சி.யு. எதையும் தொடாம டர்போவை மட்டும் பெருசாக்கினா, கூடுதல் காத்துக்கு வேலையே இல்ல. வண்டி பறக்காது. கிளம்பவே முன்னைவிட சோம்பல் படும். பட்டறைகள்ல பலரும் விட்டுடற விஷயம் இது.

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை முழுசா மூச்சு இழுக்கும். அப்போ 2.5 லிட்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.ல நிமிஷத்துக்கு 1000 தடவை, அதாவது 2500 லிட்டர் இழுக்கணும். வழியில 10 சதவீதம் குறையும்னு வெச்சா 2250 லிட்டர். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்து, இன்டர்கூலர் தாண்டி காத்து 60 டிகிரியில உள்ளே வந்தா, அதோட எடை சுமார் 4.7 கிலோ. 3500 ஆர்.பி.எம்.ல இதே கணக்கு 8.2 கிலோ வரும். ஆக, இந்த எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 5-ல் இருந்து 8 கிலோ வரைக்கும் சுகமா தள்ளக்கூடிய டர்போ வேணும்.

ஒவ்வொரு டர்போவுக்கும் கம்ப்ரசர் மேப் என்று ஒரு வரைபடம் உண்டு. ஒரு பக்கம் எவ்வளவு காத்து, இன்னொரு பக்கம் எவ்வளவு அழுத்தம். நடுவுல தீவு மாதிரி வளையங்கள். அந்தத் தீவுக்குள்ள ஓடினா டர்போ திறமையா வேலை செய்யும். இடது கரையைத் தாண்டினா சர்ஜ், அதாவது தள்ளின காத்து திரும்பி டர்போவையே அடிக்கும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் சில வண்டிகள்ல "சுட் சுட் சுட்"னு கேட்குமே, ரேஸ் கார் சத்தம்னு நம்ம பசங்க ரீல்ஸ் போடுவாங்களே, பல நேரம் அது இதுதான். லோடு வண்டியில ஏத்தத்துல மிதிக்கும்போதே அந்தச் சத்தம் வந்தா பேரிங்குக்கு ஆயுசு குறைவு. 12 கிலோ, 15 கிலோ தள்ளுறதுக்குன்னு செஞ்ச பெரிய டர்போவை நம்ம எஞ்சின்ல மாட்டினா, 2000 ஆர்.பி.எம்.ல அது அந்தக் கரையிலதான் தள்ளாடும், இல்லைன்னா பூஸ்ட்டே கட்டாது.

அந்த 2000 ஆர்.பி.எம்.லதான் சித்தப்பா வாழ்றார். பாடியில இருந்து அம்பத்தூர் ஓ.டி., அங்கிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டுல எப்போ நாலாவது கியர் விழுது? ரெண்டு, மூணு, திரும்ப ரெண்டு. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில ஏறினாத்தான் எஞ்சின் கொஞ்சம் கத்தும். 2800-க்கு மேல முழிக்கிற டர்போ அவருக்கு எதுக்கு?

இன்னொரு பக்கமும் ஏமாறலாம். பூஸ்ட் மீட்டர்ல ரெண்டு டர்போவும் 1 பார் காட்டும், ஆனா உள்ளே போற காத்து சமமா இருக்காது. 40 டிகிரி மதியத்துல, 70 சதவீதத் திறமையோட ஓடுற டர்போ 1 பார் கட்டும்போது காத்து 138 டிகிரிக்குச் சூடாகும். தீவுக்கு வெளியே 60 சதவீதத்துல ஓடுற டர்போவுல 150-ஐத் தாண்டிடும். சூடான காத்து லேசான காத்து. நம்ம ஊர்ல 40 டிகிரி காத்தே 15 டிகிரி காத்தைவிட 8 சதவீதம் லேசு. அதனால என் கருத்துல, சென்னையில டர்போவுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இன்டர்கூலர். சித்தப்பா வண்டியோட இன்டர்கூலர்ல பாதி சேறு, மீதி தக்காளித் தோல். அது எப்படி அங்கே போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அவர் சொல்லல.

"அப்போ 2.5 லிட்டர்ல நிஜமாவே நிறைய திறன் வராதா?" வரும். பக்கத்துலயே ஸ்ரீசிட்டியில இசுசூ ஃபேக்டரி இருக்கு. அவங்க விற்ற டி-மேக்ஸ் எஸ்-கேப் 2499 சி.சி., 78 எச்.பி., 176 நியூட்டன் மீட்டர். அதே 2499 சி.சி.யில வி-கிராஸ் 134 எச்.பி., 320 நியூட்டன் மீட்டர், அதுவும் 1800-ல் இருந்து 2800 ஆர்.பி.எம். வரைக்கும். ஆனா அது வேற வடிவமைப்பு எஞ்சின். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த 320-க்காகக் கணக்கு போட்டவை. 176-க்குச் செஞ்ச கிளட்ச்ல 300 வந்தா, முதல்ல கருகுற வாசனை வரும், அப்புறம் பில் வரும்.

உண்மையிலேயே ஒரு படி ஏத்தணும்னா (தினமும் முழு லோடு, நீண்ட ஏத்தம், ஈ.சி.யு. டியூனுக்கும் பணம் இருக்கு) நான் சொல்றது இதுதான்: டர்பைன் பக்கம் ஒரிஜினல் அளவே இருக்கட்டும், கம்ப்ரசர் சக்கரம் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். தண்ணிக் குழாய் வாயைக் கட்டைவிரலால மூடினா பீச்சி அடிக்கும்ல? சின்ன டர்பைன் ஹவுசிங் அப்படித்தான், கம்மிப் புகையிலேயே சீக்கிரம் சுத்திடும். வேரியபிள் டர்போல அந்த விரலே நகரும். குறைஞ்ச ஆர்.பி.எம்.ல மூடும், அப்புறம் திறக்கும். கேட்க அருமை. ஆனா நிறுத்தி நிறுத்தி ஓட்டுற ஊர்ல கரி படிஞ்சு அந்த இதழ்கள் இறுகிடும், ஆக்சுவேட்டரைச் சரியா செட் பண்ணாம மாட்டினா இன்னும் மோசம். விற்கிறவர்கிட்ட கம்ப்ரசர் மேப் கேளுங்க. "ஸ்டேஜ் 2"ன்னு ஸ்டிக்கரைக் காட்டினா, டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க. எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டுற மீட்டரும் மாட்டுங்க. டர்போவுக்கு முன்னாடி 700 டிகிரியைத் தாண்டி ரொம்ப நேரம் நின்னா பிஸ்டனுக்கு ஆபத்து.

சட்டத்தையும் மறைக்காம சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் சிக்கல் வரலாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டியா இருந்தா சென்சாரும் டி.பி.எஃப்.பும் சேர்ந்து மல்லுக்கு நிற்கும். அதைக் கழட்டிட்டு ஓட்டுறது அம்பத்தூர்ல மூச்சு விடுற எல்லாருக்கும் செய்யற துரோகம்.

சரி, சித்தப்பா கதைக்கு வர்றேன். பழைய டர்போவைக் கழட்டித் தண்டை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுல இம்மி ஆட்டம் எல்லா டர்போலயும் இருக்கும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இது நல்லா ஆடுச்சு, சக்கரத்தோட இதழ்கள் ஹவுசிங்ல உரசியிருந்தது. எண்ணெய் வர்ற சின்னக் குழாயைக் கழட்டினேன், உள்ளே தார் மாதிரி கெட்டியா கரி. நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல சுத்துற தண்டு, எண்ணெய்ப் படலத்து மேலதான் மிதக்குது. அந்தக் குழாயை மாத்தாம எவ்வளவு பெரிய டர்போ மாட்டியிருந்தாலும் அதுவும் இதே கதிதான்.

அதே அளவு, பில்லோட புது டர்போ. புது ஆயில் குழாய், ஏர் ஃபில்டர், கிழிஞ்சிருந்த ஒரு ஹோஸ், கழுவின இன்டர்கூலர். மாட்டினதும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டர்போவுக்குள்ள எண்ணெய் ஊத்தி, ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் வெறும் கிராங்க். முதல் நாள் ராத்திரி நானும் கூடப் போனேன். பாடி மேம்பாலத்துல மூணாவது கியர்லயே ஏறுச்சு. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, கண்ணாடியில புகை வருதான்னு மட்டும் ரெண்டு தடவை பார்த்தார்.

உங்க வண்டியோட எஞ்சின் அளவு, தினமும் எவ்வளவு லோடு, எந்த ரூட்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல கணக்கு போட்டுப் பார்ப்போம்.